கணக்கர் செய்த கிட்டார் கழுத்து



போன மாதம் அண்ணனின் பழைய கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கினேன். அண்ணன் வேலைக்காக வெளியூர் போய் நாலு வருஷம் ஆச்சு. கழுத்தில் விரல் படும் இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. அழுக்குதானே என்று பெயிண்டுக்கு ஊற்றும் தின்னரைத் துணியில் நனைத்து ஒரு ஓரத்தில் தேய்த்தேன். அவ்வளவுதான், பளபளப்பு பிசுபிசுவென்று துணியோடு வந்துவிட்டது! பயந்துபோய் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். (எப்பவும் இதே கதைதான்.)

இந்த மாதிரி கழுத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். அவர் படித்தது என்ன தெரியுமா? நம்ம பாடம்தான், கணக்கியல்! 1930களின் பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலை போனது. 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டார். 1950-ல் இந்த மாதிரி கழுத்து வைத்த மின்கிட்டார் விற்க ஆரம்பித்தார்.

நல்ல கிட்டார்களில் கழுத்தைப் பசையால் ஒட்டுவதுதான் அப்போது வழக்கம். கெட்டுப்போனால் சரிசெய்யக் கைதேர்ந்த ஆள் வேண்டும். ஃபெண்டர் நாலே நாலு திருகாணியில் மாட்டினார். கெட்டால் கழற்று, வேறு மாட்டு. செலவுக் கணக்கு தெரிந்தவர் இல்லையா!

ஆனால் அவர் கணக்கும் தப்பியது. மேப்பிள் கெட்டியான மரம், தாங்கும் என்று நினைத்து முதலில் உள்ளே இரும்புக் கம்பி வைக்கவில்லை. தந்தியின் இழுவையில் கழுத்து வளைந்தது. கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923-லேயே காப்புரிமை வாங்கியிருந்த 'ட்ரஸ் ராட்' போன்ற கம்பியை அதே வருடக் கடைசிக்குள் சேர்த்தார். பின்பக்கமாகக் கம்பியை இறக்கிய பள்ளத்தை வால்நட் மரத்தால் மூடினார்கள். கழுத்தின் பின்னால் தெரியும் கறுப்புக் கோடு அதுதான்.

அடுத்த சிக்கல் வியர்வை. மேப்பிள் வெளிறிய மரம். மேலே பூசிய லாக்கர் விரல் பட்டுத் தேய்ந்ததும், வியர்வையும் அழுக்கும் மரத்துக்குள் இறங்கிக் கறுத்துவிடும். 1958-ல் ஜாஸ்மாஸ்டருக்கும், 1959-ல் மற்ற மாடல்களுக்கும் ரோஸ்வுட் பலகை வந்தது. நம்ம ஊர் ஈட்டி மரத்தின் சொந்தக்கார மரம். கருநிறம், அழுக்கு தெரியாது, லாக்கரும் வேண்டாம்.

ஆக, துடைக்கும் முன் மரத்தைப் பாருங்கள்.

லாக்கர் பூசிய மேப்பிள் என்றால் நன்றாகப் பிழிந்த மெல்லிய ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. எண்ணெய் வேண்டாம், உள்ளே இறங்காது. தின்னர் கூடவே கூடாது!

பூச்சில்லாத ரோஸ்வுட் என்றால் உலர்ந்த துணி போதும். வருடத்துக்கு ஓரிரு முறை கிட்டாருக்கென விற்கும் எண்ணெயில் சில சொட்டு தடவி உடனே துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

ஃபிரெட் கம்பிகளை இரும்பு நாரால் தேய்த்தால் பிக்கப்பை முதலில் மூடுங்கள். தூள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது புரிகிறது, அந்தக் கறுப்பு வெறும் அழுக்கில்லை. அண்ணன் வாசித்த வருஷங்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன். நான் கெடுத்த ஓரம் மட்டும் தனியாகத் தெரிகிறது. பொங்கலுக்கு அண்ணன் வருகிறான். தேய்மானம் என்று கணக்கெழுத முடியாது, உண்மையைத்தான் சொல்லணும்.