தப்புச் சத்தம் ஏன் கூசியது?

இசை ரசனை அவரவர் விருப்பம் என்பார்கள். எங்கள் குத்தாலம் பக்கம் காதையும் ஊர், சேரி என்று பிரித்துத்தான் வளர்த்தார்கள்.

சின்ன வயதில் எனக்கு நந்தனார் படப் பாட்டுகள் பிடிக்கும். 1942-இல் ஜெமினி எடுத்த படம். தண்டபாணி தேசிகரின் குரல் ரேடியோவில் வந்தால் தாத்தா கண் கலங்குவார், நானும் கலங்குவேன். அதே நான், தெருவில் தப்பு அடித்தால் கூசிப்போவேன். கூடப் படித்தவர்கள் "உங்க ஆளுங்க மேளம்" என்று சிரிப்பார்களே!

கல்லூரியில்தான் நந்தன் கதையை ஒழுங்காகப் படித்தேன். 12-ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தன், கோயில் முழவுகளுக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். கோயில் இசைக்குத் தோல் கொடுத்தவருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. அவரை அடக்கும் பிராமணப் பண்ணையார் அந்த நூலில் கிடையாது. அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் மாயவரம் அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி. நம் டெல்டாவின் பண்ணையடிமை முறை அப்படித்தான் கீர்த்தனைக்குள் வந்தது. ஆனாலும் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் தில்லைக்குள் போகிறார். நான் அத்தனை நாள் உருகியது ஒருவர் அனுமதி கேட்டுக் கெஞ்சுவதைக் கேட்டுத்தான்.

1968 டிசம்பர் 25 அன்று இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை அறிந்த பிறகு நெருப்பைப் புனிதமாக்கும் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிப் பரப்பிய 'மனுசங்கடா' காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

தப்பும் அப்படித்தான் திரும்பி வந்தது. அப்பா தலைமுறை சாவுக்குத் தப்படிக்க மாட்டோம் என்று கீழே வைத்தது. அது வெட்கம் அல்ல, போராட்டம். மதுரையில் தியாபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 2018-இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. இன்று கல்லூரி விழாக்களில் மாணவர்கள் பறையடிக்கிறார்கள்.

அப்பா கீழே வைத்ததை நாம் ஏன் கையில் எடுக்கிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே உரிமைதான். எப்போது அடிப்பது, எப்போது மறுப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்கிறார்.

தேசிகர் குரல் எனக்கு இன்றும் பிடிக்கும். ரசனை மாறியது என்றால் பழையதைத் தூக்கி எறிந்தேன் என்று பொருளல்ல. யார் பாடுகிறார், யாரிடம் கேட்கிறார் என்பதும் சேர்ந்தே இப்போது காதில் விழுகிறது.

தோழர்களே, அடுத்த முறை தப்புச் சத்தத்துக்குக் கை தட்டும் முன் ஒன்றை விசாரியுங்கள். அடிப்பவருக்கு "இன்று மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நம் வேலை அங்கேதான்.