மிதிவண்டிக்குத் திரும்பி வந்த சுருள்வில்

மலைப்பாதைக்கென விற்கப்படும் விலை குறைந்த மிதிவண்டி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களும் தடித்த குழாய்களாக இருக்கும். ஹாண்டில்பாரை அழுத்தினால் அக்குழாய்கள் ஒன்றனுள் ஒன்று இறங்கும்; கையை எடுத்தால் 'டக்'கென்று மேலே எழும். வாங்கிய புதிதில் பெருமையாக இருந்த இந்தத் துள்ளல், சில மாதங்களில் வண்டிக்கு உரியவரை உறுத்தத் தொடங்குகிறது. இதைக் கழற்றிவிட்டு நல்ல ஃபோர்க் ஒன்றை மாட்டலாமா என்று யோசிக்கிறார். அதற்கு விடை காணுமுன், சுருள்வில் மிதிவண்டிக்குள் எப்படி வந்தது, வந்தது ஏன் வெளியேறியது, மீண்டும் எதற்காக அழைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

1860களில் ஐரோப்பாவில் ஓடிய மிதிவண்டிகளுக்கு மரச் சக்கரங்கள்; அவற்றின்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருக்களில் அவற்றை ஓட்டியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து ஆங்கிலேயர் 'எலும்புலுக்கி' என்றே பெயர் வைத்துவிட்டனர். பின்னர் கெட்டி ரப்பர் டயர் வந்தது; தொல்லை முழுவதும் தீரவில்லை. 1885இல் லண்டனில் லின்லி–பிக்ஸ் என்னும் நிறுவனத்தார் 'விப்பெட்' என்ற வண்டியை வெளியிட்டனர். அதில் இருக்கை, ஹாண்டில்பார், மிதி ஆகிய மூன்றும் ஒரு தொகுதியாகச் சேர்ந்து, சுருள்வில்லின் துணையால் மற்றச் சட்டத்திலிருந்து விலகி அசைந்தன. மேடு பள்ளத்தில் சக்கரங்கள் குதித்தாலும் ஓட்டுபவரின் உடல் அவ்வளவாகக் குலுங்காது. அருமையான ஏற்பாடுதான்.

ஆனால் அதன் வாழ்வு நீடிக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை பெற்றார். (இதே கருத்துக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார், ஆனால் அப்போது அதை ஏற்றுக்கொள்ளும் வண்டிகள் பெருகியிருக்கவில்லை.) மறு ஆண்டே பெல்பாஸ்ட் பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் அந்த டயருடன் ஓட்டி வெற்றி பெற்றார். காற்றும் ஒரு வில்லே அன்றோ! அதற்கு எடையே இல்லை எனலாம். மேலும், ஒரு சிறு கல் குறுக்கிட்டால் சக்கரம் முழுவதும் எழும்ப வேண்டியதில்லை. டயரில் அந்த ஓரிடம் மட்டும் குழிந்து கொடுக்கிறது. சில ஆண்டுகளில் சுருள்வில் சட்டங்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன.

சுருள்வில்லுக்கு அடைக்கலம் தந்தது மோட்டார் சைக்கிள். வேகம் கூடியபோது காற்று டயர் மட்டும் போதவில்லை. அங்கேதான் ஒரு முக்கியமான பாடம் கற்கப்பட்டது. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு ரப்பர் நாடாவில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே இழுத்து விடுங்கள். கல் மேலும் கீழுமாகப் பலமுறை ஆடும். இப்போது அதே கல், கெட்டியான விளக்கெண்ணெய் நிறைந்த பாத்திரத்தினுள் அமிழ்ந்திருக்குமாறு வைத்து இழுத்து விடுங்கள். விரைவில் அடங்கிவிடும். வில் தான் வாங்கிய ஆற்றலை அழிப்பதில்லை. பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. எண்ணெயின் உராய்வோ அதை வெப்பமாக மாற்றிவிடுகிறது. முன்னதை வில் என்றால் பின்னதைத் தணிப்பான் என்போம். 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்–12 என்னும் மோட்டார் சைக்கிளில், ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்களையும் எண்ணெய்த் தணிப்பையும் இணைத்த ஃபோர்க்கைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மிதிவண்டி ஃபோர்க்குகளுக்கு அதுவே மூதாதை.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். அங்குள்ள இளைஞர்கள் 1930, 40களில் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் வண்டிகளை அற்ப விலைக்கு வாங்கி, மலைச் சரிவுகளில் உருண்டு இறங்கினர். 1976 அக்டோபரில் ஒரு மண்பாதையில் பந்தயமும் நடத்தினர். சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் 400 மீட்டர் இறக்கம்! ஒருமுறை இறங்கியதும் பின்சக்கர ஹப்பில் இருந்த பிரேக் சூடேறி, உள்ளே வைத்த கிரீஸ் புகைந்து போய்விடும். மீண்டும் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே புதிய சட்டம் ஒன்றை உருவாக்கினார். மலை மிதிவண்டி பிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஃபோர்க்கில் வில் ஏதும் இல்லை. இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல், டன்லப்பின் காற்றையே நம்பி மலை மிதிவண்டிகள் ஓடின.

மோட்டார் சைக்கிளில் கற்ற பாடத்தை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தவர், ஹோண்டா நிறுவனத்தின் கரடுமுரடுப் பந்தய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்த பால் டர்னர். 1989இல் ராக் ஷாக்ஸ் என்னும் பெயரில் அவருடைய ஃபோர்க் விற்பனைக்கு வந்தது. வில்லாகக் காற்று, தணிக்க எண்ணெய். அது இறங்கி ஏறிய தூரம் 5 செ.மீ. கூட இல்லை. இந்தச் சிறு அசைவுக்கு இவ்வளவு எடையா என்று கேட்டவர்கள் இருந்தனர். 1990இல் கொலராடோவிலுள்ள துராங்கோ நகரில் நடந்த முதல் உலக வாகையர் போட்டியில், கிரெக் ஹெர்போல்டு இந்த ஃபோர்க்குடன் மலையிறங்கு பந்தயத்தை வென்றார். கேள்வி கேட்டவர்கள் அதன்பின் விலையைக் கேட்கத் தொடங்கினர்.

அதே காலத்தில் டக் பிராட்பரி என்பவர் 'மானிட்டூ' ஃபோர்க்கை அமைத்தார். அதில் எண்ணெயும் இல்லை, காற்றும் இல்லை. ரப்பர் போன்ற பொருளாலான துண்டுகளே வில்லாகப் பயன்பட்டன. எளிய அமைப்பு, ஒழுகும் அச்சமில்லை. ஆனால் குளிரில் இறுகிவிடும், தணிப்பும் குறைவு. வென்ற வண்டிகளின் தோற்றம் மக்களைக் கவரவே, மலிவு வண்டிகளுக்கும் தடித்த குழாய் ஃபோர்க்குகள் வந்தன. விலையைக் குறைப்பதற்காக எதை நீக்கினார்கள்? தணிப்பானைத்தான். மிக மலிவானவற்றில் எஃகுச் சுருள்வில் மட்டும் உண்டு. அதுவும் பலவற்றில் ஒரே காலில். முதலில் சொன்ன 'டக்' ஓசைக்குக் காரணம் இதுவே. அந்த வண்டி 1935க்கு முந்திய பொறியியலை, 1990இன் உடையில் சுமந்து செல்கிறது என்பேன்.

அப்படியானால் மாற்றிவிடலாமா? சில கணக்குகள் உண்டு. ஃபோர்க்கின் மேற்புறக் குழாய் சட்டத்தின் தலைக்குழாயினுள் பொருந்த வேண்டும். பழையவை 1 அங்குலம், பிறகு 1⅛ அங்குலம். இன்றைய உயர்தர ஃபோர்க்குகள் பலவற்றில் அடிப்பகுதி 1½ அங்குலமாக விரிந்திருக்கும். அது பழைய சட்டத்தில் நுழையாது. அடுத்து நீளம். 8 செ.மீ. அசையும் ஃபோர்க்கை எடுத்துவிட்டு 12 செ.மீ. அசைவதை மாட்ட ஆசை எழும். இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 110 செ.மீ. என்று கொள்வோம். முன்புறம் 2 செ.மீ. உயர்ந்தால், 2-ஐ 110 ஆல் வகுக்க 0.018 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1 பாகை, வண்டி பின்னோக்கிச் சாய்கிறது. 4 செ.மீ.க்கு 2 பாகை. திருப்புதல் மந்தமாகும், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். இதைவிடக் கவலை தருவது வேறொன்று: நீண்ட ஃபோர்க் ஒரு நீண்ட நெம்புகோல். தலைக்குழாயின் பற்றவைப்புக்கு வரும் திருகுவிசை அந்த அளவுக்குக் கூடுகிறது. மலிவுச் சட்டம் அதற்கென அமைக்கப்படவில்லை. அங்கே விரிசல் விழுந்தால் போவது பணம் மட்டுமன்று.

பிரேக்கும் ஒரு சங்கடம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குக்கான குமிழ்கள் இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பலவற்றில் இல்லை. தட்டு பிரேக்குக்கே இடமுண்டு. அச்சும் பழைய 9 மி.மீ.க்குப் பதில் 15 மி.மீ. ஆகிவிட்டது. ஆக, ஃபோர்க்கைத் தொட்டால் சக்கரம், பிரேக் எல்லாம் மாறவேண்டி, செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

சாலையிலும் தோட்டப் பாதையிலும் ஓட்டுபவருக்கு, வில்லே இல்லாத உறுதியான ஃபோர்க்கும் அகன்ற டயரும் மேல் என்பது என் கருத்து. பழைய ஃபோர்க் ஆள் ஏறியபின் நிற்கும் உயரமே புதியதற்கும் இருக்க வேண்டும். இது பின்வாங்குதல் அன்று. பிரான்சின் கல் பாவிய பாதைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் கில்பெர்ட் டுக்லோ-லசால் ராக் ஷாக்ஸ் ஃபோர்க்குடன் வென்றார். ஆயினும் அவ்வகை ஃபோர்க் அங்கே நிலைக்கவில்லை. இன்று அப்பந்தய வீரர்கள் 30 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள டயர்களைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுகின்றனர்.

உண்மையிலேயே மலையிறங்குபவர், சட்டத்துக்குப் பொருந்தும் அளவில், எண்ணெய்த் தணிப்புள்ள காற்று ஃபோர்க்கை வாங்கலாம். மலிவு ஃபோர்க்கின் தலையிலுள்ள திருகைத் திருகினால் வில் கடினமாகும் என்று பலர் நினைக்கின்றனர். அது வில்லை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது. அதன் விறைப்பு எண் மாறுவதில்லை. காற்று வில்லிலோ அழுத்தத்தை மாற்றினால் விறைப்பே மாறுகிறது. 50 கிலோ மாணவருக்கும் 90 கிலோ ஆசிரியருக்கும் ஒரே ஃபோர்க் பொருந்தும். உள்குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதைக் கீழ்க்குழாயின் விளிம்பு வரை தள்ளி வைத்துவிட்டு, மெதுவாக வண்டியில் ஏறி அமர்ந்து, மெதுவாக இறங்குங்கள். 10 செ.மீ. அசையும் ஃபோர்க்கில் வளையம் விளிம்பிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ. மேலே நின்றால் காற்று சரியாக இருக்கிறது.