சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் அனுமதியும் நலக் கண்காணிப்பும்

சிங்கப்பூரில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அனுமதி தருவதும், எத்தனை பேரை எடுக்கலாம் என்று வரம்பு கட்டுவதும், வந்தவர்களின் சம்பளம், தங்குமிடம், மருத்துவம், வேலையிடப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கண்காணிப்பதும் மனிதவள அமைச்சின் பொறுப்பு. எல்லையில் கடவுச்சீட்டைச் சோதிப்பதும், அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருப்போரைப் பிடிப்பதும் உள்துறை அமைச்சின் கீழுள்ள குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் வேலை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் 15 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ‘ஒர்க் பெர்மிட்’ எனப்படும் வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உற்பத்தி, துப்புரவு, வீட்டுப்பணி ஆகியவற்றைச் செய்பவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர், கடலூர் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் இவர்களில் கணிசமானோர்.

கதவைத் திறந்து மூடும் கையே உள்ளே வந்தவரின் நலத்தையும் காக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் தனித்தன்மை. அதன் வலிமையும் சிக்கலும் அங்கிருந்தே வருகின்றன.

தோற்றம்

1965இல் தனி நாடானபோது சிங்கப்பூரில் வேலையின்மை கடுமையாக இருந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. தொழிற்சாலைகள் பெருகியதும் நிலைமை தலைகீழானது. முதலில் மலேசியர்களும், 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாட்டவரும் அனுமதிக்கப்பட்டனர். பின்னால் வந்த நாடுகளுக்கு ‘மரபுசாரா நாடுகள்’ என்ற பெயர் அரசு ஆவணங்களில் இன்றும் நிற்கிறது.

1990இல் வெளிநாட்டு ஊழியர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவே 2007இல் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டமாகப் பெயர் மாறியது. தொழிலாளர் அமைச்சு 1998 ஏப்ரல் முதல் மனிதவள அமைச்சானது. குடிநுழைவு ஆணையம் இன்றைய வடிவில் 2003 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது.

அனுமதியின் படிநிலைகள்

முக்கிய அனுமதிகள் மூன்று வகைப்படும். உயர் சம்பளத்தில் வரும் நிபுணர்களுக்கு எம்பிளாய்மென்ட் பாஸ், நடுத்தரத் திறனாளர்களுக்கு 2004இல் தொடங்கிய எஸ் பாஸ், உடலுழைப்பாளர்களுக்கு ஒர்க் பெர்மிட். முதல் இரண்டுக்கும் குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு. பெர்மிட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. சிங்கப்பூரில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கிடையாது. படிப்படியான சம்பள உயர்வுத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே பெர்மிட் ஊழியரின் அடிப்படைச் சம்பளம், முதலாளியும் ஏஜென்டும் ஊரில் பேசி முடித்த தொகைதான்.

மாதம் 6,000 வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ சம்பாதிக்கும் எஸ் பாஸ், எம்பிளாய்மென்ட் பாஸ்காரர்கள் மனைவி மக்களை அழைத்து வரலாம். பெர்மிட்காரர் அழைத்து வர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் அமைச்சின் அனுமதி பெற வேண்டும். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் அவருக்கு இல்லை. உழைப்பு மட்டும் வர வேண்டும், குடும்பம் வரக்கூடாது என்பதே கொள்கை. பெர்மிட் பற்றிய பிற விதிகளெல்லாம் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று ‘லெவி’ எனப்படும் மாதாந்திரத் தீர்வை. இன்னொன்று உள்ளூர் ஊழியருக்கு இத்தனை வெளிநாட்டவர் என்ற விகிதம். கட்டுமானத் துறையில் ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டவர் என்றிருந்த விகிதம் 2024 ஜனவரி 1 முதல் ஐந்தாகக் குறைந்தது. அதே நாளில் லெவியும் மாறியது. மரபுசாரா நாடுகளிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த உயர்திறன் கட்டுமான ஊழியருக்கு மாதம் 500 வெள்ளியும், அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளியும் முதலாளி கட்ட வேண்டும். இதை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். ஆனால் ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் செலவில் இவ்வளவு பெரிய பங்கு அரசுக்குப் போகும்போது, கூலியை உயர்த்த முதலாளிக்கு மனம் வராது என்பதைத் தொழிலாளர் நல அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லி வருகின்றன. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை தர வேண்டும். சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், கடைசியில் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் முதலாளியே பொறுப்பு. மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலையில் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்களை முதலாளிகள் தட்டிக்கழித்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்.

ஊரில் தொடங்கும் கடன்

கட்டுமான வேலைக்கு வர விரும்புபவர் முதலில் திறன் தேர்வில் தேற வேண்டும். ஊர்ப்பேச்சில் இது ‘டெஸ்ட் அடிப்பது’. சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையங்கள் தமிழ்நாட்டிலும் உள்ளன. பயிற்சிக்கும் தேர்வுக்கும் பணம், பிறகு வேலை பிடித்துத் தரும் ஏஜென்டுக்குப் பணம். நகையை அடகு வைத்தோ, நிலத்தை ஈடு காட்டியோ, வட்டிக்கு வாங்கியோதான் பெரும்பாலோர் இதைக் கட்டுகிறார்கள்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள முகவர் ஊழியரிடமிருந்து ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். வேலை தந்ததற்கோ பெர்மிட்டைப் புதுப்பித்ததற்கோ முதலாளி கையூட்டு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடலுக்கு இந்தப் பக்கம் அந்தச் சட்டம் எட்டாது.

இந்தியத் தரப்பிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் பெற வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூர் இல்லை. ஒழுங்கான நாடு என்ற நம்பிக்கையில் அது விடப்பட்டிருக்கலாம். விளைவு என்னவென்றால், சிங்கப்பூருக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தை விமானம் ஏறுமுன் இந்திய அதிகாரி எவரும் பார்ப்பதில்லை. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய விதிகள் 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பதிவில்லாத உள்ளூர் ஏஜென்டிடம் போகிறவருக்கு அந்த வரம்பால் பயன் இல்லை.

புறப்படுமுன் கைக்கு வரும் ‘ஐபிஏ’ என்ற கொள்கையளவு ஒப்புதல் கடிதம் இங்கே முக்கியமானது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஊழியர் புரிந்துகொள்ளும் வகையில் அது தமிழிலும் தரப்படுகிறது. அதில் சொன்ன சம்பளத்தை முதலாளி பிறகு குறைக்க நினைத்தால் ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதம் பெற்று அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். பின்னாளில் தகராறு வந்தால் ஊழியர் கையிலிருக்கும் வலுவான சான்று இந்தத் தாள்தான். அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஏஜென்டுகள் சொல்வதே இல்லை.

சம்பளமும் புகாரும்

வேலை நியமனச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. அதற்கு மேல் ‘ஓடி’, அதாவது கூடுதல் நேர வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடிக்கு உச்சவரம்பு. சம்பளக் காலம் முடிந்த 7 நாளில் சம்பளமும், 14 நாளில் ஓடிப் பணமும் வந்தாக வேண்டும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயமானது. விடுதிகளில் தங்கும் பெர்மிட் ஊழியருக்கு 2020 ஜூலை முதல் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கும் பழைய தந்திரத்தை இந்த ஒரு விதி பெருமளவு முடக்கியது.

சம்பளம் வராதவர் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் மனுக் கொடுக்கலாம். 2017இல் தொடங்கிய இந்த அமைப்பு முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் வழக்கு வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கு 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கத்தின் துணையோடு போனால் 30,000 வெள்ளி வரை கோரலாம். வேலையிடக் காயத்துக்குத் தனி இழப்பீட்டுச் சட்டம் உண்டு. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே ஊழியர் இழப்பீடு பெறலாம் என்பது அதன் சிறப்பு.

இவ்வளவு வழி இருந்தும் பலர் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். காரணம் பெர்மிட்டிலேயே இருக்கிறது. அது ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி நினைத்தால் எந்த நேரமும் அதை ரத்து செய்யலாம். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வேறு கம்பெனிக்கு மாற அவர் சம்மதம் வேண்டும். கட்டுமான ஊழியருக்கு பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் குறுகிய இடைவெளியில்தான் சம்மதமின்றி மாற வாய்ப்பு உண்டு. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, வராத இரண்டு மாதச் சம்பளத்துக்காக வேலையையே பணயம் வைக்க எத்தனை பேர் துணிவார்கள்? சம்பளக் கோரிக்கை நியாயமானது என்று தெரிந்தால் அந்த ஊழியர் வேறு வேலை தேட அமைச்சு அனுமதிக்கிறது. காயம்பட்டு இழப்பீட்டுக்குக் காத்திருப்பவரின் நிலைதான் கொடுமை. அவருக்குக் கிடைக்கும் ‘ஸ்பெஷல் பாஸ்’ நாட்டில் தங்க விடுகிறது, வேலை செய்ய விடுவதில்லை. டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தன்னார்வ அமைப்பு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் நடத்திவரும் இலவச உணவுத் திட்டம் இப்படிக் காத்திருப்பவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் அமைத்த வெளிநாட்டு ஊழியர் நிலையமும், ஹோம், ஹெல்த்செர்வ் போன்ற அமைப்புகளும் இதே களத்தில் இருக்கின்றன.

வீட்டுப் பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற உரிமை அவர்களுக்கு 2013இல்தான் வந்தது. அந்த நாளையும் பணம் கொடுத்து ஈடுகட்டும் பழக்கம் பரவியதால், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணத்துக்கு மாற்றக்கூடாது என்று 2023 ஜனவரியில் விதி வந்தது. வீட்டுக்குள் நடப்பதைக் கண்காணிப்பது கட்டுமானத் தளத்தைக் கண்காணிப்பதைவிட மிகக் கடினம்.

விடுதிகள்

2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2015இல் வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய விடுதிச் சட்டம் 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட விடுதிகளை உரிமத்தின்கீழ் கொண்டுவந்தது. துவாஸ், கிராஞ்சி, மண்டாய், பொங்கோல் எனத் தீவின் ஓரங்களில் எழுந்த அந்த விடுதிகளில் கடைகளும் விளையாட்டுத் திடல்களும் இருந்தன. அறைக்கு 12 முதல் 16 பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்தார்கள்.

கொரோனா அந்த நெரிசலுக்குள் புகுந்தது. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலுள்ள எஸ்11 விடுதியும் தோ குவானிலுள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. சில நாள்களில் விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரும் அடைபட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சம்பளம், உணவு, மருத்துவம் ஆகியவற்றை அரசு ஏற்பாடு செய்தது. இறப்புகள் மிகக் குறைவு. ஆனால் ஊர் முழுவதும் நடமாடத் தொடங்கிய பின்னும் விடுதிவாசிகள் வெளியே செல்வதற்கான கட்டுப்பாடு 2022இலும் ஏதோ ஒரு வடிவில் நீடித்ததற்கு, நோய்த்தடுப்பு ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது.

அதன் பிறகுதான் கண்காணிப்பின் தன்மை மாறியது. விடுதிவாசிகளின் நலனுக்கென அமைச்சில் தனிப் பிரிவு உருவாகி, அதிகாரிகள் விடுதிகளிலேயே போய் நிற்கத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் விடுதிச் சட்டம் 7 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட எல்லா விடுதிகளுக்கும் விரிந்தது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடமும், 6 பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். முன்பு கழிப்பறைக் கணக்கு 15 பேருக்கு ஒன்று. ஏறத்தாழ 1,000 பழைய விடுதிகள் இடைக்காலத் தரத்தை 2030க்குள்ளும், முழுத் தரத்தை 2040க்குள்ளும் எட்ட வேண்டும். ஆபத்து தெரிந்த ஒன்றுக்கு இருபதாண்டு அவகாசம் மிக நீளம்.

அண்மை மாற்றங்கள்

2022இல் வேலையிடங்களில் 46 பேர் இறந்ததைத் தொடர்ந்து பாதுகாப்பு விதிகள் இறுகின. 2023இல் 36 ஆகக் குறைந்த இறப்பு 2024இல் மீண்டும் 43 ஆனது. சரக்கு லாரியின் பின்தட்டில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. நாடாளுமன்றத்தில் பலமுறை கேள்வி எழுந்தும், கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் கட்டாயமானதே தவிர, வழக்கம் ஒழியவில்லை. பேருந்து வைத்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது என்பது அரசின் பதில்.

2025 ஜூலை முதல் பெர்மிட் ஊழியர் மொத்தம் இத்தனை ஆண்டுதான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பு நீங்கியது. வயது உச்சவரம்பு 60இலிருந்து 63க்கு உயர்ந்தது. அதே ஆண்டு ஜூன் முதல் பூட்டான், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளும் மரபுசாரா நாடுகளில் சேர்ந்தன. இருபது வயதில் டெஸ்ட் அடித்து வரும் ஒருவர் இனி நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே உழைக்க முடியும். குடும்பத்தை அழைத்து வருவதற்கும் நிரந்தரவாசத்துக்குமான விதிகளில் மாற்றம் இல்லை.