நர்சுகள் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை – டொராண்டோ 2003

2003 பிப்ரவரியில் ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு மூதாட்டியோடுதான் சார்ஸ் டொராண்டோவுக்குள் வந்தது. மார்ச் 5-ல் அவர் வீட்டிலேயே இறந்துபோனார். இரண்டு நாளில் அவர் மகன் காய்ச்சலோடு ஸ்கார்பரோவில் (ஆமாம், ஈழத்தமிழர்கள் நிறைந்த அதே ஸ்கார்பரோ) ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவசரப் பிரிவில் மற்றவர்களோடு படுக்க வைத்தார்கள். இப்படி ஒரு வியாதி ஊருக்குள் வந்திருப்பது அங்கே யாருக்கும் தெரியாதே! அங்கிருந்து பரவியது.

கனடாவில் சார்ஸுக்குப் பலியானவர்கள் 44 பேர். அவர்களில் 2 நர்சுகள், ஒரு டாக்டர். நோய் கண்டவர்களில் 40 சதவிகிதத்துக்கு மேல் மருத்துவ ஊழியர்கள்.

நோயாளியைத் தொட்ட நர்ஸ்களையெல்லாம் வீட்டில் உட்கார வைத்தால் வார்டில் ஆள் இருக்காது. அதனால் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். வேலைக்கு வரலாம், ஆனால் வீடு விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டால் வீடு. வழியில் எங்கும் நிற்கக்கூடாது. வீட்டுக்குள்ளும் முகமூடி, தனி அறையில் தூக்கம். பெற்ற பிள்ளையைக்கூட கொஞ்ச முடியாது. பகுதிநேரமாக இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியவர்களிடம் ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள் என்றார்கள். வருமானம் போச்சு. (இந்தக் காசுக் கணக்கை யாரும் வீர வணக்கத்தில் சேர்ப்பதில்லை!)

இதையெல்லாம்கூட அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். மே மாதம் நடந்ததுதான் கொடுமை. மே 17-ல் அவசர நிலை விலக்கப்பட்டது, கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. நார்த் யார்க் பொது மருத்துவமனையில் சில நோயாளிகளைப் பார்த்த நர்சுகள், "இது சார்ஸ் மாதிரி இருக்கிறது" என்று மேலே சொன்னார்கள். இல்லை என்று பதில் வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, இரண்டாவது அலை வெளியே தெரிந்தது. அதில் விழுந்தவர்களில் அந்த நர்சுகளின் சக ஊழியர்களும் உண்டு. பின்னாளில் நீதிபதி ஆர்ச்சி கேம்பல் தலைமையிலான விசாரணை ஆணையம் இதை விவரமாகவே பதிவு செய்தது. அறிக்கை 2007 ஜனவரியில் வெளிவந்தது.

நோய் போனபின் மனசு என்ன ஆயிற்று? மனநல மருத்துவர் ராபர்ட் மாண்டரும் அவர் குழுவினரும் 13 முதல் 26 மாதங்கள் கழித்து டொராண்டோவின் 9 ஆஸ்பத்திரிகளையும், சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத பக்கத்து ஊர் ஹாமில்டனின் 4 ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 769 ஊழியர்கள். டொராண்டோக்காரர்களிடம் வேலைச் சோர்வும் மன உளைச்சலும் அதிகம். சிகரெட், மது கூடியிருந்தது. நோயாளிகள் பக்கம் போவதையும் வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டவர்களும் அதிகம். ஆனால் போதுமான பயிற்சியும் ஆதரவும் தங்களுக்குக் கிடைத்தது என்று நினைத்தவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. நர்சுகள் மே மாதத்தில் கேட்டதும் அதைத்தானே?

17 வருடம் கழித்து கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் ஒன்டாரியோ நர்சுகள் சங்கம், சில முதியோர் இல்லங்களில் என்95 முகமூடி வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனது. கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்தது.