ஓமைநியூஸ்

தென்கொரியாவில் ஓ யோன் ஹோ என்னும் பத்திரிகையாளரால் 2000 பிப்ரவரி 22 அன்று ஸ்தாபிக்கப்பெற்ற இணையச் செய்தித்தாள். ‘ஒவ்வொரு குடிமகனும் நிருபரே’ என்பது இதன் கொள்கை வாசகம். பழமைப் போக்குடைய சில பெரும் பத்திரிகைகளே பொதுஜன அபிப்பிராயத்தைப் பெரிதும் உருவாக்கிவந்த அந்நாட்டில், 727 பிரஜா நிருபர்களோடு பிரசுரம் தொடங்கிய இவ்வேடு, மாணவர்களும் இல்லத்தரசிகளும் உத்தியோகஸ்தர்களும் எழுதியனுப்பிய செய்திகளை, சம்பளம் பெறும் ஆசிரியர் குழுவினர் பரிசீலித்துத் திருத்திய பின்னரே வெளியிட்டு, அவற்றின் முக்கியத்துவத்திற்கேற்பச் சிறு சன்மானமும் அளித்தது. உற்சாகத்தை மட்டும் நம்பாத இப்பரிசீலனையே, எண்ணிக்கையினும் மேலாக, இதன் மெய்யான பலம் எனல் வேண்டும். 2002 ஜனாதிபதித் தேர்தலில் வெற்றியடைந்த ரோ மூ ஹியூன், பெரும் பத்திரிகைகளை விடுத்துத் தம் முதற்பேட்டியை இதற்கே வழங்கினார். 2006-இல் தோன்றிய இதன் ஜப்பானியப் பதிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.