பேராயரும் மாநாடும்

தமக்குப் பின் மெதடிஸ்த போதகர்களை ஊர் ஊராக அனுப்புவது யார்? 1784இல், எண்பது வயதில், மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி இதற்கு விடை தேடினார். நூறு போதகர்களின் பெயரை எழுதி, அவர்கள் கூடும் மாநாட்டுக்கே அந்த அதிகாரம் என்று பத்திரம் செய்துவைத்தார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் அமெரிக்கப் போதகர்கள் பால்டிமோரில் கூடினார்கள். வெஸ்லி நியமித்தால் மட்டும் போதாது, தோழர்களும் வாக்களிக்க வேண்டும் என்று கேட்டு, கண்காணிப்பாளராகப் பதவியேற்றார் அவர்களில் ஒருவரான பிரான்சிஸ் ஆஸ்பரி. விரைவில் அவரைப் 'பேராயர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். 1788இல் வெஸ்லி கடிதம் எழுதிக் கடிந்துகொண்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பிரிட்டன், அமெரிக்க மெதடிஸ்த சபைகள் இரண்டும் அங்கேதான் பிரிகின்றன. பிரிட்டனில் மாநாட்டுத் தலைவரின் பதவிக்காலம் ஓராண்டுதான். சில சபைகள் சேர்ந்தால் சேகரம், சேகரங்கள் சேர்ந்தால் மாவட்டம். இவற்றில் உயிர்ப்புள்ளது சேகரமே. எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பிரசங்கிப்பார் என்ற அட்டவணை அங்கேதான் தயாராகிறது. குருப்பட்டம் பெறாத உள்ளூர்ப் பிரசங்கிகள் அதில் நிறைந்திருப்பார்கள். புதிய போதகர் வேண்டுமென்றால் சேகரத்தின் உக்கிராணக்காரர்கள் அவரைச் சந்தித்துப் பேசுகிறார்கள். வழக்கமாக 5 ஆண்டுகளுக்கு அழைக்கிறார்கள். மாநாடு அதை உறுதிசெய்கிறது.

1968இல் உருவான அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்த சபையில் போதகரை அனுப்புபவர் பேராயர். சபையையும் போதகரையும் கலந்து பேசியாக வேண்டும், ஆனால் முடிவு அவருடையது. அந்நாட்டில் பேராயராகத் தேர்வானவர் ஆயுளுக்கும் பேராயர்தான். இவ்வளவு அதிகாரம் உள்ளவரை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. சட்டம் இயற்றும் பொது மாநாடு 4 ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. அதன் உறுப்பினர்களில் பாதி போதகர்கள், பாதி சபையார். பேராயர் அதற்குத் தலைமை தாங்கலாம், வாக்களிக்க முடியாது. அவரது சட்ட முடிவுகளையும் 9 பேர் கொண்ட நீதி மன்றம் சரிபார்க்கும்.

என் மனம் சேகரத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒரு சபை தானாகத் தேடிப்போகாத பெண் போதகரையோ வேற்றினப் போதகரையோ அங்கே அனுப்பும் துணிவு பேராயர் முறையில் கூடுதலாக வாய்க்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

தென்னிந்தியாவின் வெஸ்லியன் சபையார் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து, பேராயரை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பிரிட்டிஷ் தாய்ச்சபையில் இன்றும் பேராயர் இல்லை.