இரண்டு நினைவுக்காலங்களுக்கு இடையில்: ஸ்கேன் செலவும் 75ஆம் சுற்று நலவாழ்வு ஆய்வும்

இந்தியக் குடும்பங்கள் வைத்தியத்துக்குக் கைக்காசு போட்டுச் செய்யும் செலவில் மருந்துக்கே பெரும்பங்கு. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தும் அதற்குப் பல படி கீழேதான். நலவாழ்வுப் பொருளாதாரத்தில் இது இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட முடிவாக நடமாடுகிறது. அதையொட்டி ஒரு கொள்கை வரிசையும் உருவாகிவிட்டது: முதலில் மருந்து, அடுத்து படுக்கை, நிதி மிஞ்சினால் பரிசோதனை. முடிவின் முதல் பாதியோடு எனக்குப் பிணக்கு இல்லை. இரண்டாம் பாதி, சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களைப் பொறுத்தவரை, குடும்பங்களின் செலவை அல்ல, அந்தச் செலவைக் கேட்டு எழுதிய படிவத்தின் அமைப்பையே காட்டுகிறது என்பது என் வாதம்.

இந்த முடிவுக்குப் பெரிதும் ஆதாரமாகக் காட்டப்படுவது தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை 1,13,823 குடும்பங்களில் 5,55,115 பேரைப் பற்றிய விவரம் திரட்டப்பட்டது. பிரசவம் நீங்கலாக, மருத்துவமனையில் ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெற ஆன சராசரிச் செலவு 20,135 ரூபாய். அரசு மருத்துவமனையில் 4,452, தனியாரில் 31,845. கிராமத்தில் 14.1 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 19.1 விழுக்காட்டினருக்கும் மட்டுமே ஏதோ ஒரு காப்பீடு இருந்தது. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. இவற்றை விளைவித்த வினாப்படிவத்தை வரி வரியாக வாசித்தவர்கள் குறைவு என்பதே என் குறை.

படிவத்துக்கு இரண்டு நினைவுக்காலங்கள் உண்டு. உள்நோயாளியாகத் தங்கியதைப் பற்றிக் கடந்த 365 நாட்களுக்குக் கேட்கிறார்கள். புறநோயாளியாகப் பார்த்ததைப் பற்றிக் கடந்த 15 நாட்களுக்கு மட்டும். உள்நோயாளிப் பகுதியில், தங்கியிருந்த காலத்தில் ஆன செலவு பேக்கேஜ், மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, படுக்கை, பிற எனப் பிரித்து எழுதப்படுகிறது. இன்னொரு இடத்தில் சிகிச்சை விவரம்: அறுவைச் சிகிச்சை, மருந்து, எக்ஸ்ரே/இசிஜி/இஇஜி/ஸ்கேன், பிற பரிசோதனை ஆகிய ஒவ்வொன்றும் இலவசமாகக் கிடைத்ததா, பாதி இலவசமா, காசு கொடுத்தா, பெறவே இல்லையா என்று.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர் ஒருவருக்கு ஜனவரியில் இடுப்பு வலி கால்வரை இறங்கி, பாதம் மரத்துப்போகிறது. மருத்துவர் துண்டுச்சீட்டில் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ என்று எழுதி ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரையும் சொல்லி அனுப்புகிறார். அங்கே 7,000 ரூபாய் கட்டி, பெரிய உறையில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் வாங்கிவருகிறார். ஆறு வாரம் மாத்திரையும் பிசியோதெரபியும். பலனில்லை. மார்ச்சில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் தங்கி டிஸ்க் அறுவைச் சிகிச்சை, பேக்கேஜ் கணக்கில். ஜூன் மாதம் ஆய்வாளர் வீட்டுக்கு வருகிறார்.

அந்த 7,000 ரூபாயை எங்கே எழுதுவது? உள்நோயாளிப் பகுதியில் எழுத முடியாது. ஸ்கேன் எடுத்தபோது அவர் எங்கும் அட்மிட் ஆகியிருக்கவில்லை. புறநோயாளிப் பகுதியிலும் இடமில்லை. 15 நாள் எப்போதோ கடந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், சேர்வதற்கு முன்பு இதே நோய்க்குச் சிகிச்சை பெற்றீர்களா, எங்கே, எத்தனை நாள் என்று படிவம் கேட்கவே செய்கிறது. 'ஆம்' என்று பதிவாகிறது, நாட்கள் பதிவாகின்றன. எவ்வளவு செலவானது என்ற கேள்வி மட்டும் அங்கே இல்லை. நோய் இருப்பது தெரிகிறது, சிகிச்சை நடந்தது தெரிகிறது, பணம் தெரியவில்லை.

எம்ஆர்ஐ என்பது இயல்பாகவே இந்த இடைவெளியில் விழும் செலவு. மருந்து தினமும் வாங்கப்படுவது. எந்த 15 நாளை எடுத்தாலும் அதில் ஒரு பங்கு அகப்படும். படுக்கைக் கட்டணம் தங்கியிருக்கும் நாட்களுக்கே உரியது. ஸ்கேனோ பெரும்பாலும் ஒரே ஒருமுறை, அட்மிட் ஆவதற்கு வாரக்கணக்கில் முன்பு, வேறொரு கட்டடத்தில் நடப்பது. படிவத்துக்கு நியாயமாகச் சொல்வதென்றால், தங்கியிருக்கும்போது வெளியே அனுப்பி எடுக்கப்படும் ஸ்கேனை அது சரியாகவே பிடிக்கிறது. நழுவுவது முன்னால் எடுக்கப்பட்டது மட்டும். திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளில் அதுதான் வழக்கம்.

காப்பீடு பற்றிய ஒப்பீடுகளும் இதனால் சாய்கின்றன. காப்பீடு உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் எனப் பிரித்துப் பரிசோதனைச் செலவை ஒப்பிடுவதும், வேறுபாடு பெரிதாக இல்லாவிட்டால் காப்பீட்டைக் குறை சொல்வதும் பழகிய பாதை. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாட்களின் பரிசோதனைச் செலவையே பேக்கேஜுக்குள் ஏற்கிறது. நம் விசைத்தறித் தொழிலாளியிடம் அந்த அட்டை இருந்திருந்தாலும் ஜனவரி ஸ்கேனுக்கு அவர் கைக்காசுதான் போட்டிருப்பார். உள்நோயாளிக் காப்பீடு வைத்திருப்பவரும் ஸ்கேன் சென்டரின் பில் கவுண்டரில் காப்பீடு இல்லாதவரே. திட்டமும் படிவமும் ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதால், திட்டம் விட்ட ஓட்டையைப் படிவத்தால் காட்ட முடியாது. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சில பரிசோதனைகள் தனியாகவே இடம்பெறுகின்றன என்று மறுக்கலாம். உண்மைதான், அகில இந்தியச் சராசரியைப் பற்றிய வாதத்தை அது அசைக்காது.

பேக்கேஜைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மொத்தத் தொகைக்குள் அடங்கிய ஸ்கேன் பரிசோதனைப் பத்தியில் பூஜ்யமாக நிற்கும். பத்தியின் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு 'பரிசோதனையின் பங்கு' என்று பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் கடந்துவிடுகிறார்கள்.

சராசரியே செய்யும் மறைப்பு வேறு. கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: 100 புறநோயாளி நிகழ்வுகளில் ஒவ்வொன்றிலும் மருந்துக்கு 300 ரூபாய்; மூன்றில் மட்டும் 7,000 ரூபாய் எம்ஆர்ஐ. சராசரியில் மருந்து 300, ஸ்கேன் 210. அட்டவணையில் ஸ்கேன் சிறியதாகத் தெரியும். அந்த மூன்று வீடுகளில் அன்றைக்கு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கலாம். திடீர்ச் செலவின் பாரத்தை அளக்கச் சராசரி உதவாது என்பது யாருக்கும் புதிதல்ல. ஆனாலும் கொள்கை வரிசை சராசரியின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்தலானது 'பெறவில்லை' என்ற விடை. மருத்துவர் ஸ்கேன் கேட்காதவரும், அவர் கேட்டும் காசில்லாமல் எடுக்காமல் திரும்பியவரும் அதே ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். பணமில்லாததால் சிகிச்சை பெறாதவரைத் தேடும் கேள்வி படிவத்தில் உண்டு. ஆனால் அது மருத்துவ ஆலோசனையே பெறாதவரிடம் கேட்கப்படுவது. மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பவர் ஆலோசனை பெற்றவர்தான். அவருடைய பரிசோதனைச் செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் சராசரியைக் கீழே இழுத்து, ஸ்கேன் பெரிய பாரமில்லை என்ற முடிவுக்கே வலுச் சேர்க்கிறது.

எதிர்ப்பு ஒன்று கவனத்துக்குரியது. மக்கள் படிவத்தின் எல்லைக்கோட்டைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் ஸ்கேனையும் சேர்த்தே சொல்வார்கள். ஆகவே இடைவெளி தானே அடைபடும் என்பார்கள். ஓரளவு அப்படித்தான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பொருள் என்ன? விதிமுறைப்படி துருவிக் கேட்கும் ஆய்வாளர் ஸ்கேன் தொகையைக் கழித்துவிடுவார். அவசரமாக முடிப்பவர் சேர்த்துக்கொள்வார். ஆய்வாளர் எவ்வளவு கவனமாக இருக்கிறாரோ அவ்வளவு ஸ்கேன் செலவு குறைகிறது. இப்படிப்பட்ட பிழை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது; சொல்ல முடியாத ஒன்றின் மீது முன்னுரிமை வரிசை கட்டக்கூடாது.

பிழை எல்லாச் சுற்றுகளிலும் ஒன்றுதானே, போக்கு சரியாக இருக்குமே என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 1995-96இன் 52ஆம் சுற்றுக்கும் 75ஆம் சுற்றுக்கும் இடையே மருத்துவமனைக்கு வெளியே தனித்து நிற்கும் ஸ்கேன் சென்டர்கள் ஊர் ஊராகப் பரவிவிட்டன. செலவு படிவத்தின் கண்ணுக்கு அப்பால் நகர்ந்திருக்கும்போது போக்கும் சாயும். நுகர்வோர் செலவு ஆய்வை எடுத்துக்கொண்டாலும் விடிவில்லை. அங்கே எக்ஸ்ரேயும் இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் ஒரே வரியில் கிடக்கின்றன.

அரசு மருத்துவமனையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மையங்களில் நெடுங்காலமாக சிடிக்கு 500 ரூபாய், எம்ஆர்ஐக்கு 2,500 ரூபாய். தனியார் விலையோடு பார்த்தால் குறைவு. தினக்கூலிக்கு அதுவும் இலவசம் அல்ல. வரிசையில் காத்திருக்கும் நாட்களுக்கும் கூலி இல்லை. தனியார் விலைக்குள் பரிந்துரைத்தவருக்கான கமிஷன் எவ்வளவு என்பது வேறு கட்டுரைக்குரியது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடைசெய்கின்றன என்று மட்டும் குறித்துவைக்கிறேன். விலையை அரசால் நிர்ணயிக்கவே முடியாது என்பதும் எடுபடாது: கொரோனாக் காலத்தில், 2020 செப்டம்பரில், மராட்டிய அரசு நெஞ்சு சிடிக்கு இயந்திரத்தின் திறனைப் பொறுத்து 2,000 முதல் 3,000 ரூபாய் வரை உச்சவரம்பு விதித்தது.

இனி, என் வாதத்தை எப்படிச் சோதிப்பது? 'அறுவைச் சிகிச்சை பெற்றார், ஸ்கேன் பெறவில்லை' என்ற பதிவுகளை எண்ணுவது முதலில் தோன்றும் வழி. அது பயன்படாது. மயக்க மருந்துக்கு முன் இசிஜி எடுப்பது வழக்கம். இசிஜியும் ஸ்கேனும் ஒரே குறியீட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட எல்லோரும் 'பெற்றவர்' ஆகிவிடுவார்கள். இன்னொரு வழி உண்டு. அலகுநிலைத் தரவிலிருந்து எலும்பு, மூட்டு, நரம்பு நோய்களுக்குத் தனியார் மருத்துவமனையில் பேக்கேஜ் இல்லாமல் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை மட்டும் எடுத்து, விபத்தில் அடிபட்டவர்களை நீக்கிவிட வேண்டும். மீதமுள்ளவர்களை, சேர்வதற்கு முன்பே சிகிச்சை பெற்றவர்கள், நேராக அட்மிட் ஆனவர்கள் என இரண்டாகப் பிரிக்கலாம். என் வாசிப்பு சரியென்றால், முதல் பிரிவினரின் பரிசோதனைப் பத்தி இரண்டாம் பிரிவினரதைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். கணிசமான பேருக்கு அது அரசு எம்ஆர்ஐயின் 2,500 ரூபாயைக்கூட எட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு பிரிவும் சமமாக நின்றால் இடைவெளியைப் பற்றி நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி விழுந்துவிடும். சமமாக நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தரவு பொதுவெளியில் இருக்கிறது; கணக்கைப் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை.